பலகைச் சுவர்: கோத்தாச்சிவாடி வீடு ஒன்றை லெகோவில் கட்டுவது

வெள்ளைக்காரர் காலத்து பம்பாய் என்றதும் நம் கண்முன் வருவது கல்தான். எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வரைந்து, 1878இல் தொடங்கி 1888இல் முடிந்த விக்டோரியா டெர்மினஸ் அப்படிப் பதிந்துவிட்டது. மாட்டுங்காவில் இருப்பவர்களுக்கு வீட்டு வாசலிலேயே இன்னொரு காலம் நிற்கிறது. 1896இல் பிளேக் வந்தபின் 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வகுத்த மனைகளில், 1930களிலும் 40களிலும் எழுந்த வளைந்த பால்கனி வீடுகள் அவை. ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றி ஒரு நடை போனால் நிறையப் பார்க்கலாம். அவையெல்லாம் கான்கிரீட். இரண்டு வகைக்கும் மரப்பலகைச் சுவர் பொருந்தாது. பலகை அடித்த வீடு வேண்டுமென்றால் கிர்காவுக்குப் போகவேண்டும்.

கிர்காவில், ஜகன்னாத் சங்கர்சேட் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் இருக்கிறது கோத்தாச்சிவாடி. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தாதோபா வாமன் கோத் என்ற பதாரே பிரபு சமூகத்தவர் தம் நிலத்தை மனை மனையாக ஈஸ்ட் இந்தியன் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கொடுக்க, உருவான குடியிருப்பு இது. போர்ச்சுக்கீசியச் சாயல் கொண்ட வீடுகள். தெருவைப் பார்த்த திறந்த தாழ்வாரம், வெளிப்புறமாகவே மாடிக்கு ஏறும் படிக்கட்டு, மரத்தால் ஆன மேல்மாடி, மேலே சீமை ஓடு. மஸ்காவின் மாத்தர்பக்காடியிலும் பாந்த்ராவின் ரன்வாரிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வீடுகள் இருக்கின்றன. கோத்தாச்சிவாடியில் ஒருகாலத்தில் 65 வீடுகள் இருந்தன என்பார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை.

இந்த அத்தியாயத்தில் நாம் கட்டப்போவது குறிப்பிட்ட ஒரு வீட்டின் நகல் அல்ல. அந்த வாடியின் இலக்கணத்தில் அமைந்த ஒரு சிறிய மாடி வீடு. கீழே பூச்சுச் சுவர், மேலே பலகைச் சுவர். இதில் கஷ்டமான வேலை பலகைச் சுவர் ஒன்றுதான். அதனால் அத்தியாயத்தின் பெரும்பகுதி அதற்கே.

போய்ப் பாருங்கள்

மாட்டுங்கா ரோடு நிலையத்தில் சர்ச்கேட் போகும் ஸ்லோ வண்டி ஏறினால் சர்னி ரோடு. செம்பூர்க்காரர்கள் குர்லாவில் மாறி, தாதரில் மேற்கு லைனுக்கு மாறிக்கொள்ளலாம். சர்னி ரோட்டிலிருந்து நடக்கும் தூரம்தான். அது அருங்காட்சியகம் அல்ல, மக்கள் குடியிருக்கும் இடம். தாழ்வாரத்தில் ஆள் இருந்தால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். சன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

மூன்று விஷயங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றனவா, விளிம்போடு விளிம்பு சேர்ந்து சமமாக இருக்கின்றனவா? ஒரு பலகையின் வெளியே தெரியும் அகலம் உங்கள் கையில் எத்தனை விரற்கடை? பலகை மூலையிலும் சன்னலிலும் எப்படி முடிகிறது? மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வந்து கட்ட உட்கார்ந்ததும் முதலில் தேவைப்படுவதும் அதுதான்.

பலகையை ஏன் ஏற்றி அடிக்கிறார்கள் என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் மாதிரியில் தவறு வராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. காற்றோடு சாய்ந்து வந்து சுவரில் அடிக்கிற மழை. தாராவியில் வேலை செய்யும் திருநெல்வேலி ஆசாரி ஒருவரிடம் இதைக் கேட்டபோது, "மேப்பலகைத் தண்ணி கீழ்ப்பலகை மேல விழணும் அண்ணாச்சி, பொறத்தால போயிரக் கூடாது. அம்புட்டுத்தான் கணக்கு" என்றார். ஒவ்வொரு பலகையின் கீழ் விளிம்பும் அடுத்ததைவிடச் சற்று முன்னால் நிற்கிறது. அந்த விளிம்பில் வெயில் படுகிறது, அதன் அடியில் ஒரு மெல்லிய நிழல் விழுகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் பலகைச் சுவர் என்று தெரிவிப்பது அந்த நிழல்தான். மரத்தின் நிறமோ, ரேகையோ இல்லை. பழுப்பு நிற பிரிக்கை அடுக்கிவிட்டு மரவீடு என்று சொல்வதில் பொருளில்லை. வெள்ளை, மஞ்சள், நீலம் எதில் கட்டினாலும் நிழல் சரியாக விழுந்தால் அது பலகைச் சுவர்.

அளவைப் பலகையிலிருந்து தொடங்குங்கள்

பெரும்பாலோர் முதலில் வீட்டின் நீள அகலத்தை முடிவுசெய்துவிட்டுச் சுவருக்கு என்ன போடலாம் என்று தேடுவார்கள். பலகை வீட்டுக்கு அது தலைகீழ் வழி. பலகையின் அகலத்தை முதலில் நிச்சயம் செய்யுங்கள். மற்ற எல்லாம் அதன் மடங்காக வரட்டும்.

லெகோ ஆள் தலைமுடி இல்லாமல் சுமார் 4 சென்டிமீட்டர். ஐந்தரை அடி மனிதர் என்று வைத்தால் அளவுகோல் ஏறக்குறைய 1:42. இந்தக் கணக்கில் ஒரு ஸ்டட் (பிரிக்கின் தலையிலுள்ள குமிழ்) இடைவெளி, அதாவது 8 மில்லிமீட்டர், நிஜத்தில் 34 சென்டிமீட்டர். ஒரு பிரிக்கின் உயரம் 9.6 மில்லிமீட்டர், நிஜத்தில் 40 சென்டிமீட்டர். பிரிக்கில் மூன்றிலொரு பங்கு உயரமுள்ள தட்டுதான் பிளேட். ஒரு பிளேட்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர், நிஜத்தில் 13 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதாவது ஐந்தேகால் அங்குலம். சுவரில் அடித்த பலகையின் தெரியும் அகலம் ஐந்து, ஆறு அங்குலம் என்பது இயல்பான அளவு. ஆகவே ஒரு பலகைக்கு ஒரு பிளேட். இந்த ஒரு முடிவிலிருந்து முழு வீடும் வந்துவிடும்.

கடைகளில் கிடைக்கும் உருண்டு புடைத்த மரக்கட்டை பிரிக்கை வாங்கிவிடாதீர்கள். ஒரு பிரிக் உயரத்துக்கு ஒரு கட்டை என்றால் பதினாறு அங்குல மரத்தடி. அது காட்டுக் குடிசைக்கு ஆகும், கிர்காவுக்கு ஆகாது.

சமமான பலகை அடைப்பு வேண்டுமென்றால் சாதாரண 1 ஸ்டட் அகல பிளேட்டுகளை அடுக்கினாலே போதும். பிளேட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய கோடு பலகைச் சந்தாக நிற்கும். விலையும் குறைவு. எந்த கம்பெனி பிரிக்கிலும் செய்யலாம். பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து கட்டுபவர்களுக்கு இதையே சொல்வேன்.

ஏறிக் கிடக்கும் பலகைக்கு நான் நம்புவது 32028 எண் கொண்ட பிளேட். 1×2 அளவு, ஒரு பக்க ஓரத்தில் தண்டவாளம்போல மெல்லிய விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும். சறுக்குக் கதவு ஓடுவதற்காக வந்த உருப்படி. இதன் எட்டு ஸ்டட் அண்ணன் 4510. இவற்றை விளிம்பு வெளியே பார்க்கும்படி அடுக்குங்கள். 3.2 மில்லிமீட்டருக்கு ஒரு விளிம்பு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நிழல். இனிமேல் இதை ரெயில் பிளேட் என்றே சொல்கிறேன். எல்லா நிறத்திலும் இது வருவதில்லை. நிறத்தை மனத்தில் முடிவுசெய்துவிட்டு உருப்படியைத் தேடாமல், எந்த நிறத்தில் போதுமான அளவு கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு வீட்டின் நிறத்தை முடிவுசெய்யுங்கள். உதிரி லெகோ விற்கும் இணையச் சந்தையான பிரிக்லிங்க் தரும் ஸ்டூடியோ மென்பொருள் இலவசம். அதில் நிறவாரியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழியும் உண்டு. பக்கவாட்டில் ஸ்டட் உள்ள பிரிக்குகளில் டைல்களை (மேலே ஸ்டட் இல்லாத வழுவழுப்பான தட்டுகள்) செங்குத்தாக ஒட்டி, ஒவ்வொரு டைலையும் ஒரு பலகையாகக் காட்டுவது. நம் அளவுகோலில் அது பதிமூன்று அங்குலப் பலகை ஆகிவிடும். மாதிரியை இரு மடங்கு பெரிதாகக் கட்டுபவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

வாங்குவதற்கு முன் நான்கு ஸ்டட் அகலம், பத்து வரிசை உயரத்துக்கு ஒரு சோதனைச் சுவர் செய்து பாருங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு கைபேசி டார்ச்சை ஒரு பக்கமாக, சற்று மேலிருந்து பிடியுங்கள். நேராக முன்னாலிருந்து அடித்தால் எந்தச் சுவரும் மொழுக்கென்றுதான் தெரியும்.

மனையும் கீழ்த்தளமும்

32×32 ஸ்டட் அடிப்பலகை போதும். ஏறக்குறைய இருபத்தைந்தரை சென்டிமீட்டர் சதுரம். மாட்டுங்கா ஒற்றை அறை வீட்டிலும் ஒரு அலமாரித் தட்டில் அடங்கிவிடும். வீடு 16 ஸ்டட் அகலம், 20 ஸ்டட் ஆழம். நிஜக் கணக்கில் பதினேழரை அடிக்கு இருபத்திரண்டு அடி. வலது பக்கத்தில் படிக்கட்டுக்கு 3 ஸ்டட் விடுங்கள். முன்னால் மிச்சமுள்ள இடம் சந்து.

சாம்பல் நிறத்தில் 2 பிரிக் உயரத்துக்குக் கல் பீடம் எழுப்புங்கள். இதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பலகையை மண்ணில் ஊன்றி யாரும் வீடு கட்டியதில்லை. கறையானும் ஈரமும் ஒரே மழைக்காலத்தில் தின்றுவிடும். பீடத்தின் மேல் கீழ்த்தளச் சுவர் 9 பிரிக், சாதாரண பிரிக்கில், சுண்ணாம்பு வெள்ளையோ வெளிர் மஞ்சளோ. முன்பக்கம் 4 ஸ்டட் ஆழத்துக்குச் சுவரைப் பின்னுக்குத் தள்ளி அங்கே தாழ்வாரம் விடுங்கள். அதன் விளிம்பில் உருளை பிரிக்குகளால் நான்கு தூண், தூண்களின் தலையில் 1×16 பிரிக் உத்திரம். மேல்மாடி இந்த உத்திரத்தின்மேல் தாழ்வாரத்தையும் சேர்த்து மூடிக்கொண்டு நிற்கும். கீழ்ச்சுவர் நிழலில் பின்வாங்கியும், மேலே பலகை முகப்பு வெளிச்சத்தில் முன்வந்தும் இருப்பதுதான் இந்த வீடுகளின் முகம். கதவுக்கு 1×4×6 நிலை. கீழ்த்தளத்தில் இதற்குமேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

பலகை முகப்பு

மேல்மாடிச் சுவரின் உயரம் 10 பிரிக். பிளேட் கணக்கில் 30 வரிசை, நிஜத்தில் பதிமூன்று அடி. கூரையைத் தாங்கும் சட்டமும் இதில் அடக்கம். ஏன் 10 என்று கேட்கலாம். 5 பிரிக்கின் உயரம் 48 மில்லிமீட்டர். 6 ஸ்டட்டின் நீளமும் அதே 48. நிமிர்ந்து நிற்கும் பிரிக்கும் படுத்து ஒட்டும் டைலும் பிசகில்லாமல் சந்திக்கிற இடம் இது. 10 பிரிக் என்றால் 12 ஸ்டட். இந்த இரண்டு எண்களைப் பென்சிலால் எழுதி மேசையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

முகப்பின் 16 ஸ்டட்டை இப்படிப் பிரியுங்கள்: மூலைத் தூண் 1, பலகை 2, சன்னல் தொகுதி 4, பலகை 2, சன்னல் தொகுதி 4, பலகை 2, மூலைத் தூண் 1. சன்னல் தொகுதி என்பது நடுவில் 2 ஸ்டட் சன்னலும் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்டட் நிலைச்சட்டமும்.

சன்னலுக்குக் கீழே 2 பிரிக் உயரம், அதாவது 6 வரிசை பலகை. சன்னல் 5 பிரிக். அதற்கு மேல் 3 பிரிக், 9 வரிசை பலகை. கீழேயும் மேலேயும் வரும் முழு வரிசைகளில் மூலைத் தூண்கள் போக 14 ஸ்டட் நிரப்பவேண்டும். ஒரு 1×8 ரெயில் பிளேட், மூன்று 1×2 ரெயில் பிளேட். முதல் வரிசையில் 1×8 இடது ஓரம், அடுத்த வரிசையில் வலது ஓரம். இப்படி மாற்றி மாற்றி வைத்தால்தான் சுவர் பிணையும். ஒரே இடத்தில் சந்து வந்துகொண்டே போனால், கையில் எடுக்கும்போது முகப்பு நடுவில் பிளந்து வரும். நிஜப் பலகை வேலையிலும் இணைப்புகளை ஒன்றின்மேல் ஒன்று வரவிடமாட்டார்கள். சன்னல் மட்டத்தில் மூன்று 2 ஸ்டட் பட்டைகள் மட்டும், 15 வரிசை. அவை தனித்தனியாக நின்றாலும் கீழும் மேலும் ஓடும் 1×8 பிளேட்டுகள் அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

முகப்புக்கு மொத்தம் 1×2 ரெயில் பிளேட் 90, 1×8 ரெயில் பிளேட் 15. பத்து அதிகமாகவே வாங்குங்கள். பழைய உருப்படிகளில் விளிம்பு உடைந்தவை வரும்.

சன்னல் நிலைச்சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இந்த வீட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. சன்னல் சட்டகம் சுவர்க் கோட்டோடு சமமாக நிற்கும். ரெயில் விளிம்போ அதைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படியே விட்டால் சன்னல் சுவருக்குள் புதைந்ததுபோல இருக்கும். நிஜ வீட்டில் நேர் எதிர். நிலைச்சட்டம் முன்னால் நிற்கும், பலகை அதில் போய் முட்டி நிற்கும். அதனால் சன்னலின் இரு பக்கமும் உள்ள 1 ஸ்டட் நிரலை இப்படி எழுப்புங்கள்: கீழேயிருந்து இரண்டு 1×1 பிளேட், அதன்மேல் ஒரு பக்கம் ஸ்டட் உள்ள 1×1 பிரிக் (எண் 87087). இதையே மூன்று முறை. இரண்டு பிளேட்டும் ஒரு பிரிக்கும் சேர்ந்தால் 16 மில்லிமீட்டர், அதாவது சரியாக 2 ஸ்டட். ஆகவே வெளியே பார்க்கும் மூன்று ஸ்டட்டுகளும் டைலின் அடிக்குழிக்கு நேராக வந்து நிற்கும். மூன்று முறை அடுக்கினால் 5 பிரிக் உயரம் வந்துவிடும். வெளியே பார்க்கும் அந்த ஸ்டட்டுகளின்மேல் ஒரு வெள்ளை 1×6 டைலை நிமிர்த்தி அழுத்துங்கள். மேலும் கீழும் ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் உட்காரும். பலகை வரிசைகள் இரு பக்கமும் அந்த வெள்ளைச் சட்டத்தில் வந்து முடியும்போதுதான் நீங்கள் கட்டியது ஆசாரி அடித்த சுவராகத் தெரிய ஆரம்பிக்கும்.

சன்னலுக்கு 5 பிரிக் உயரம் வந்ததும் தற்செயல் அல்ல. 1×2×3 சன்னல் கீழே, அதன்மேல் 1×2×2 சன்னல். மேலுள்ளது விசிறிச் சன்னல். அதற்கு நிறக் கண்ணாடி போடலாம். காற்றுக்கு மரச்சிறகு வைத்த வீடு உங்களுக்குப் பிடித்திருந்தால், மேல் சன்னலுக்குப் பதிலாகக் கிடை வரிகள் கொண்ட 1×2 கிரில் பிரிக் (எண் 2877) இரண்டை அடுக்குங்கள். அதே உயரம். சிலர் இந்த கிரில் பிரிக்கால் முழுச்சுவரையுமே எழுப்பிப் பலகை என்பார்கள். எனக்கு அது ஒப்புதல் இல்லை. வரிகள் நெருக்கம், பலகை ஒன்றின்மேல் ஒன்று ஏறிய தோற்றமும் வராது. காற்றுச் சிறகுக்குத்தான் அது பொருத்தம்.

மூலைத் தூணும் அதே முறை. இரண்டு பிளேட், ஒரு பக்க ஸ்டட் பிரிக், ஆறு முறை. முகத்தில் 1×8 டைலும் 1×4 டைலும் சேர்த்தால் 12 ஸ்டட். டைலை முன்பக்கம் மட்டும் ஒட்டுங்கள். இரு பக்கமும் ஒட்டினால் முனையில் ஒரு சதுரப் பள்ளம் விழும், அது அசிங்கம். தூணின் பிளேட் அடுக்குகளில் ஒன்றிரண்டை 1×3, 1×4 ஆகப் போட்டுப் பக்கச் சுவருக்குள் நீளவிடுங்கள். இல்லாவிட்டால் தூண் தனியே கழன்றுவரும்.

படிக்கட்டு உள்ள வலது பக்கச் சுவரையும் ரெயில் பிளேட்டில் கட்டுங்கள். அது கண்ணில் படும். இடப்பக்கம் சாதாரண பிளேட், பின்பக்கம் சாதாரண பிரிக். வாடியில் வீடுகள் நெருங்கி நிற்பவை. எல்லாப் பக்கமும் ஒரே செலவு செய்யவேண்டிய அவசியம் இல்லை.

படி, கூரை, தொங்கல்

வெளிப்படிக்கட்டு இல்லாவிட்டால் அது கோத்தாச்சிவாடி வீடே அல்ல. தரையிலிருந்து மேல்தளம் வரை பீடம் 6 பிளேட், கீழ்த்தளம் 27, தளப் பலகை 1, ஆக 34 பிளேட். படிக்கு 2 பிளேட் உயரம், 1 ஸ்டட் அகலம் வைத்தால் 17 படி. மேலே 3 ஸ்டட் தளம் விட்டால் வீட்டின் 20 ஸ்டட் ஆழம் சரியாக முடிகிறது. படி செங்குத்தாகத்தான் இருக்கும். இடநெருக்கடியில் கட்டிய மரப்படிகள் செங்குத்தாக இருப்பதே இயல்பு.

கூரைக்கு 45 பாகைச் சரிவு பிரிக் வேண்டாம். 16 ஸ்டட் அகலத்துக்கு அதைப் போட்டால் கூரை ஒரு மாடி உயரத்துக்கு எழும்பிக் கோயில் கோபுரம்போல நிற்கும். 33 பாகைச் சரிவு 3×4 பிரிக் (எண் 3297) எடுங்கள். ஒரு வரிசைக்கு 2 ஸ்டட் உள்ளே போகும், 1 பிரிக் ஏறும். இரு பக்கமும் ஒரு ஸ்டட் இறவாணம் விட்டு மொத்தம் 18 ஸ்டட். பக்கத்துக்கு நான்கு வரிசை, நடுவில் மீதி 2 ஸ்டட்டுக்கு முகட்டு ஓடாக இருபுறச் சரிவு பிரிக் (எண் 3299). முன்னும் பின்னும் ஒரு ஸ்டட் நீட்டினால் நீளம் 22: வரிசைக்கு 3×4 ஐந்து, 3×2 (எண் 3298) ஒன்று. ஆக நாற்பதும் எட்டும். முகட்டுக்கு 3299 ஐந்து, அதன் 2×2 வடிவம் (எண் 3300) ஒன்று. முன், நடு, பின் என மூன்று இடத்தில் உள்ளே படிப்படியாக பிரிக் அடுக்கிக் கைமரம்போலத் தாங்கல் கொடுங்கள்.

நிறம் செங்காவி. சீமை ஓடு நம் கரைக்கு வந்தது பாசல் மிஷன்காரர்கள் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையால். அந்த ஆண்டுக்கு முந்தைய வீடாக உங்கள் மாதிரியைச் சொல்லிக்கொள்ள விரும்பினால் மங்களூர் ஓடு போடக்கூடாது. பல மழை பார்த்த கூரை ஒரே சிவப்பில் இருக்காது. அடர் சிவப்பு, அடர் ஆரஞ்சு, செம்பழுப்பு மூன்றையும் கலந்து போடுங்கள். கலப்பை ஓடு மாற்றிய இடம்போலக் கொத்துக் கொத்தாக வையுங்கள். சதுரங்கப் பலகைபோல ஒன்றுவிட்டு ஒன்று வைத்தால் பொய்யாகத் தெரியும்.

இறவாணத்தின் முன்விளிம்பில் இந்த வீடுகளுக்கு மரத்தில் அறுத்த தொங்கல் வேலைப்பாடு உண்டு. பல் நீட்டிய 1×1 பிளேட்டுகளைப் பக்க ஸ்டட் பிரிக்கில், பல் கீழே பார்க்கும்படி வரிசையாக மாட்டினால் போதும். மாடிக் கைப்பிடிக்கு 1×4 குறுக்குப் பின்னல் வேலி (எண் 3633). இரண்டும் வெள்ளை.

மேல்மாடியையும் கூரையையும் தனித்தனியே கழற்றும்படி வையுங்கள். சேருமிடத்தில் பெரும்பகுதி டைல் பரப்பி, நான்கு மூலையில் மட்டும் ஸ்டட் விட்டால் எளிதாகத் தூக்கலாம்.

எங்கே வாங்குவது

புதுப் பெட்டிகளைப் பிரித்து இத்தனை ரெயில் பிளேட் சேர்க்க முடியாது. உதிரியாக வாங்குவதே வழி. பிரிக்லிங்கில் இந்தியாவிலுள்ள விற்பனையாளர்களை முதலில் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண பிரிக், பிளேட், சரிவு பிரிக் எல்லாம் கிராஃபர்ட் மார்க்கெட்டை ஒட்டிய அப்துல் ரஹ்மான் தெருவின் பொம்மைக் கடைகளில் வேறு கம்பெனிகளுடையது கிடைக்கும். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அது இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். இரண்டு பிளேட்டைக் கடையிலேயே பூட்டிப் பாருங்கள். இடையில் நகம் நுழைந்தால் சுவர் கோணும்.

மும்பைக்காரர்களுக்கு மட்டும் உள்ள ஒரு வசதி தாராவி. 13ஆம் காம்பவுண்டில் நகரத்துப் பழைய பிளாஸ்டிக்கை வகைவாரியாகப் பிரித்து அரைத்துக் குருணையாக்குகிறார்கள். லெகோ பிரிக் 1963 முதல் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அரைப்பதற்கு நல்ல சரக்கு. தெரிந்த பங்கார் (பழைய சாமான்) கடைக்காரரிடம், பிரித்தெடுக்கும்போது பூட்டும் பொம்மைக் கட்டை வந்தால் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். எடைக்கு உரிய விலையைவிடக் கூடவே கொடுங்கள். பிரித்தெடுப்பவரின் கண்ணும் நேரமும் அதில் இருக்கிறது. அசல் லெகோ என்றால் ஒவ்வொரு ஸ்டட்டின் தலையிலும் பெயர் பொறித்திருக்கும். 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே பூட்டு முறைதான் இன்றும். எவ்வளவு பழையதானாலும் புதியதோடு சேரும். சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள், 40 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் வெள்ளை மஞ்சளாகும். கட்டி முடித்த வீட்டையும் மேற்குச் சன்னலோரம் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடிப்பலகையைத் திருப்பி, எந்த வாடியில், எந்த ஆண்டில், எந்தச் சந்தில் பார்த்த வடிவம் இது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். நீங்கள் அளந்த பலகை அகலத்தையும் சன்னல் உயரத்தையும் அதிலேயே குறித்துவிடுங்கள். குடியிருப்பவர்கள் சம்மதித்தால் எடுத்த படங்களின் ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுங்கள். இந்த வீடுகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டிருக்கின்றன. அளவெடுத்து வைத்தவர்கள் மிகச் சிலர்.